மில்டூரா என்று ஒரு பேரன்

மில்டூரா, ஆஸ்திரேலியா

அன்பு மகள் லூசெயானேவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகம். உன் மூத்தவள் நர்ஸ் படிப்பில் தேறியதையும் சின்னவன் தேவாலயத்தில் தனியாகப் பாடியதையும் இங்கே நான் வேலை பார்க்கும் ஆரஞ்சுக் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

தம்பி மகனுக்கு நீ மில்டூரா என்று பெயர் வைத்தாயாம். உன் தம்பி போனில் குதித்தான்.

"நீ வேலை பாக்குற ஊரோட பேராம்மா புள்ளைக்கு? பள்ளிக்கூடத்துல ஆரஞ்சுன்னுல்ல கூப்பிடுவானுங்க. அக்காகிட்டச் சொல்லி மாத்து."

"கூப்பிடட்டுமேடா, செல்லப் பேரும் கிடைச்சாச்சு. நம்ம டோங்காவுல அத்தை வைக்கிறதுதானே புள்ளைக்குப் பேரு, அதை மாத்த நான் யாரு?"

வந்த நாளாய் இந்த ஊர்ப் பெயரே எனக்குப் பிடிக்காது. இப்போது பலகையில் பார்த்தால் நின்று தடவிவிட்டுப் போகிறேன்.

தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பேரன் தூங்குகிற படங்களாகவே பார்த்தது போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் திரும்பிப் பார்க்கும்போது ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

அம்மா