மணல்மேடும் உன் தாடியும்

அன்பு மகன் நசாரியோவுக்கு,

கெர்மிட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். அந்தப் பனியில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் குவாதலூப்பே மாதா உன்னைக் காப்பாற்ற வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாதா, சமையலறையில் பெருமூச்சு விட்டால் படுக்கையறையில் கேட்கும். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாலும் உன் அப்பாவுக்குக் காது மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். பாதியில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதே, முழுசாகப் படி.

ஈஸ்டர் அன்று மணல்மேட்டுப் பூங்காவுக்குப் போனோம். ஆமாம், நாங்கள்தான். நீயும் உன் தங்கை இமெல்டாவும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அழுது புரண்டும் கூட்டிப்போகாத மனுஷர் உன் அப்பா. "வாரம் பூரா மணலைத் தின்னுட்டு வர்றேன், ஞாயித்துக்கிழமை காசு குடுத்து வேற அதைப் பாக்கணுமா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். இந்த வருஷம் தானாகவே வாய்விட்டுக் கேட்டார். நான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு ஈஸ்டருக்கு ஒருவர் தலையில் ஒருவர் விளையாட்டாக உடைக்கிற முட்டை ஓடுகளில் வண்ணக் காகிதத் துணுக்கு அடைக்க உட்கார்ந்துவிட்டேன், உன் தங்கை வண்டி ஓட்டினாள். அங்கே போனால் ஊரே திரண்டு கிடக்கிறது, ஒரு பக்கம் இறைச்சி சுடுகிற புகை, ஒரு பக்கம் பிள்ளைகள் வட்டத் தட்டில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்கி வருகிறார்கள், அந்த மணலுக்கு நடுவிலும் எண்ணெய் இறைக்கிற இயந்திரம் ஒன்று தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அழகாகத்தான் இருந்தது, நசாரியோ. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருடைய ஆக்சிஜன் சிலிண்டரின் சக்கரம் மணலில் ஒரு அடி கூட உருளவில்லை. நானும் இமெல்டாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம், அவர் மேட்டின் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார், ஏறலாமா என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யார் வீட்டுப் பெண்ணோ ஒரு குட்டி, பின்னால் வந்து அவர் தலையில் முட்டையை உடைத்துவிட்டு ஓடியது. காகிதத் துணுக்கெல்லாம் தாடியில் ஒட்டிக்கொண்டது. சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், பக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடங்கியதும் ஒரு கை மணலை அள்ளி விரல் வழியே விட்டார். "இங்க பாரு டொமித்திலா, எவ்வளவு சாதுவா கீழே கிடக்கு. அங்க இது காத்துல நிக்கும்" என்றார். பாறையைப் பிளக்க எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்துகிற மணலை லாரி லாரியாக இறக்கும்போது மாவு மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழும்புமே, அவர் நுரையீரலைத் தின்ற அந்தப் புகையில் நின்றதைச் சொன்னார். நீயும் அதே வேலையில் அதே புகையில்தான் வட டகோட்டாவில் நிற்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து நீ அனுப்பிய படம் வந்தது. இமெல்டா சந்தோஷமாக அவர் கையில் போனைக் கொடுத்தாள். முகம் தெரியாத அளவுக்குத் தாடி, அதன் கீழே அப்பா சுகமாகும் வரை சவரம் இல்லை, மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன் என்று நீ எழுதியிருந்ததை அவளே சத்தமாக வாசித்தாள். அவர் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, "தாடியை எடுக்கச் சொல்லு. ஏன்னு மட்டும் சொல்லாதே" என்றார். நான் அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ சிரித்தாய். நேர்ந்துகொண்டதை மாற்றக் கூடாது என்று நீதானே அம்மா சொல்லிக்கொடுத்தாய் என்றாய். காரணம் சொல்லாமல் நீ கேட்க மாட்டாய், நீ அவர் பிள்ளை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நீ அந்த லாரி விபத்தில் மாட்டி நினைவில்லாமல் கிடந்தபோது, என் பிள்ளை எழுந்து நடந்தால் சாகும்வரை முகத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்று அவர் மாதாவிடம் சொன்னது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். இங்கே பக்கத்தில் ஒடெஸ்ஸா ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர், வேலையில் முகமூடி போட்டீர்களா என்று கேட்டார். ஒரு நாள் கூடப் போடாமல் இருந்ததில்லை என்று இவர் பெருமையாகச் சொன்னார். அங்கிருந்த நர்ஸ் ஒரு முகமூடியை எடுத்து இவர் முகத்தில் மாட்டி, அதன் ஓரம் தாடியில் படுகிற இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அந்த முடிக்குள்ளே போய் வந்துகொண்டிருந்தது, மகனே. அத்தனை வருஷமும் அந்தத் தூள் அப்படித்தான் உள்ளே போயிருக்கிறது. தாடியை எடுத்துவிட்டு வா என்று மேஸ்திரி சொல்லத்தான் செய்தார், ஆள் பற்றாக்குறையில் பிறகு கண்டுகொள்ளவில்லை. இவரோ முகமூடிக்கு மேலே ஒரு கைக்குட்டையையும் கட்டிக்கொண்டு அது போதும் என்று நம்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு சொன்னார், "பையனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, தான் பொழச்சதையே பாவம்னு நெனச்சுக்குவான்."

அவர் கெஞ்சிக் கேட்டதை இன்று நான் மீறுகிறேன். சொன்னால் உன் மனசு செத்துவிடும், சொல்லாவிட்டால் நீயே போய்விடுவாய், இரண்டில் எதை ஒரு தாய் எடுப்பாள் சொல். நீ பிழைத்தது பாவம் இல்லை. அவர் இன்றைக்கும் அந்தத் தாடியை எடுக்க மாட்டேன் என்கிறார், எடுத்தால் கொடுத்த பிள்ளையை மாதா திரும்பக் கேட்டுவிடுவாளாம். அவரோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. நீ அப்பா சுகமாகும் வரை என்று நேர்ந்திருக்கிறாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சுகமாகப் போவதில்லை, நசாரியோ. டாக்டர் அதைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் உன் தாடிக்கு முடிவே இல்லை, புரிகிறதா. எனக்கு அவர் விஷயத்தில் நம்பிக்கை போய்விட்டது, ஜெபமாலையை எடுத்தால் பாதியிலேயே கை நின்றுவிடுகிறது. இன்னொரு தடவை அந்த வெள்ளைப் புகைக்கு ஒரு ஆளைக் கொடுக்க என்னிடம் யாரும் இல்லை.

நேர்ந்தது நேர்ந்ததுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் என் பின்னலை அறுத்து மாதாவின் காலடியில் வைத்துவிட்டேன். என் பிள்ளையின் வேண்டுதலுக்கு இது ஈடு, அவனை விட்டுவிடு என்று பங்குச் சாமியாரைச் சாட்சியாக நிறுத்திச் சொன்னேன். அவரும் என் தலையில் கை வைத்து, சரியம்மா என்றார். சின்ன வயதில் நீ பிடித்துக்கொண்டு தூங்குவாயே, அதே பின்னல்தான். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என் பிடரியைத் தடவிப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார். வெயில் தாங்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. இனி உன் முகத்தில் இருப்பது வேண்டுதல் இல்லை, வெறும் முடி.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு தூங்காதே. லீவு கிடைத்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் வா, அவர் இருக்கும்போதே வா. இந்தக் கடிதத்தை அவரிடம் சொல்லாதே. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அந்த விபத்தில் உன் தாடையில் ஒரு தழும்பு விழுந்ததே, அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் இல்லையா. அடுத்த முறை வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதில் அந்தத் தழும்பு எனக்குத் தெரிய வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா டொமித்திலா