மீட்டர் லைட் போட்டாயிற்று

இஞ்ச பாருங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. மையவாடி மண்ணுக்குள் போய்விட்டீர்கள் என்பதற்காகப் புதிதாகத் தொடங்கவும் வராது. நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் என்றாலும் இப்படித்தான் கூப்பிடுவேன்.

காரின் மீட்டர் லைட்டை மாற்றிவிட்டேன். நானேதான்.

எத்தனை வருடம் அந்த மீட்டர் கறுத்துக் கிடந்தது! ஒவ்வொரு பல்பாக எரிந்துபோனபோதெல்லாம், "வேகம் எனக்குக் காதில கேக்கும் புள்ள" என்று சிரித்தீர்கள். பெற்றோல் முள்ளும் காதில் கேட்டதா? மாவடிப்பள்ளி வயல்வெளியில் நின்றுபோன காரை, ஒரு கையால் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளியவள் நான். எனக்குக் கார் பழக்கினீர்கள், அதற்கு அல்லாஹ் உங்களுக்குச் சுவர்க்கம் தரட்டும். ஆனால் "இருட்ட முதல், மஃரிபு பாங்குக்கு முதல் வீட்ட வந்திரணும்" என்று ஒரு கட்டளையும் போட்டீர்களே. பல்பை மாற்றுவதைவிட என்னை வீட்டில் வைப்பது லேசாக இருந்ததா?

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து முடிந்து நான் வெளியே வந்த கிழமையே உங்கள் மூத்தவர், காக்கா, வந்துவிட்டார். பங்கு பிரித்ததில் அவருக்கு வயல், எனக்கும் மகளுக்கும் கார். அதில் சண்டை இல்லை. காரை விற்கச் சொல்லித்தான் வந்தார். வாங்குகிற ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"மீட்டர் லைட்டும் இல்லாத கார். இருட்டில என்னத்தப் பாத்து ஓட்டப்போறாய்? பொம்பளைக்கு இது சரிவராது."

மருதமுனையில் நம் தறிகளில் நெய்கிற சாரங்களை அக்கரைப்பற்றுக் கடைக்குக் கொடுத்துத் திரும்பினால் இருட்டிவிடும். கார் போனால் தறியும் நிற்கும். அவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"தம்பிட ஞாபகத்துக்கு வேணுமெண்டா சாவிய வெச்சிக்க" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "லைட்தானே மச்சான் குறை? நாளைக்குப் பின்னேரம், அஸருக்குப் பிறகு ரெண்டு பேரும் வாங்க" என்றேன். அன்றைக்கே கல்முனைக்குப் போய்ப் பல்ப் வாங்கினேன்.

அவர்கள் கண் முன்னால்தான் செய்தேன். பற்றரி வயரைக் கழற்றினேன். மீட்டரைச் சுற்றியிருந்த சட்டத்தையும் பின்னால் இருந்த கேபிளையும் கழற்றியதும் மீட்டர் கையோடு வந்தது. முதுகில் சின்னச் சின்னப் பல்புகள், ஒரு திருப்புத் திருப்பினால் வெளியே வரும். அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டுப் பழகிய விரலுக்கு இது ஒரு வேலையா? எல்லாவற்றையும் மாற்றி, பற்றரியைக் கொழுவி, சுவிட்சைப் போட்டேன். பாதிதான் எரிந்தது. பெற்றோல் பக்கம் ஒரே இருட்டு.

"நான் சொன்னன்தானே" என்றார் காக்கா.

"உம்மா, எரியாததுகளத் திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றாள் மகள். இந்தப் புதுமாதிரி பல்புகள் தலைமாறிப் போட்டால் எரியாதாம்.

திருப்பிப் போட்டேன். வேகம், பெற்றோல், சூடு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நான் அழுதுவிட்டேன். கோபத்தில்தான் அழுதேன். இல்லை, உங்களுக்காகவும்தான்.

வாங்க வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நேற்று அக்கரைப்பற்றிலிருந்து வரும்போது காரைதீவிலேயே இருட்டிவிட்டது. மகள் பக்கத்தில் இருந்தாள். நம் பள்ளிவாசல் முன்னால் காக்கா நாலைந்து பேரோடு நின்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

"வீட்டதானே மச்சான்? ஏறுங்க."

சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்சீற்றில் ஏறினார். வழிநெடுக மீட்டரையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "தம்பி இரிந்தா இதுக்கு விட்டிரிக்க மாட்டான்" என்றார்.

உண்மைதான். விட்டிருக்க மாட்டீர்கள். அன்புள்ள மனிதர்தான் நீங்கள், ஆனாலும் விட்டிருக்க மாட்டீர்கள்.

அதனால் உங்களிடமே நேரே சொல்கிறேன். அடுத்த கிழமையிலிருந்து மகளுக்குக் கார் பழக்கப்போகிறேன். பகலில் அல்ல, மஃரிபுக்குப் பிறகு. இந்தக் கரையோர வீதி முழுக்க அவள் இருட்டில் ஓட்டிப் பழகுவாள். இது என் வாக்கு. யார் சொல்லியும் மாறாது, நீங்கள் சொன்னாலும் மாறாது.

பிடிக்கவில்லையென்றால் கனவில் வந்து ஏசுங்கள். அப்படியாவது ஒருக்கா வாங்க.

உங்கள் பெண்சாதி,
சியானாவின் உம்மா