என் குடலில் பசித்துக் கிடந்தவர்கள்

என் பிரியமுள்ள சரசக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகாத தம்பிக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டவள் நீ. அதற்குப் பிறகு காப்பி போடவும் கொஞ்சம் ரசஞ்சோறு வைக்கவும்தான் நான் அடுப்பைப் பற்றவைத்தேன். மற்ற வேளைக்கு ரஸ்க், பன். ஒற்றை ஆளுக்கு இது போதாதா?

பைய உடம்பு வற்றியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் வாளியைத் தூக்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கங்கைகொண்டானிலிருந்து என்னைப் பார்க்க வந்த உன் மகன் செல்வம்தான் தூக்கினான்.

"மாமா, இங்கன தனியாக் கிடந்தது போதும். என்கூட வந்திருங்க."

"வயசாயிட்டுல்லா, அப்படித்தாம்லே இருக்கும்," என்றேன்.

"அம்மா படுத்தப்பவும் இதத்தான சொன்னோம்."



பாளையங்கோட்டையில் முதியவர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். செல்வத்தைவிடச் சின்னப் பெண். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழச் சொன்னார். இரண்டாவதிலேயே மூச்சு வாங்கியது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயா, உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. பயறு, கீரை, பழம்னு விதவிதமாப் போனாத்தான் அதுக பிழைக்கும். நீங்க அதுகளையும் சேத்துப் பட்டினி போட்டிருக்கீங்க."

"கிருமிக்குப் பசிச்சா எனக்கு ஏம்மா கால் தள்ளாடுது?"

"தளர்ந்து போனவங்க பல பேருக்கு நல்ல பாக்டீரியா குறைஞ்சிருக்கு. எது முதல்ல, எது பின்னாலன்னு இன்னும் முழுசாத் தெரியல. அதைத்தான் ஆராயுதோம்."

அந்த ஆராய்ச்சிக்கு என் மலத்தைச் சின்ன டப்பாவில் கேட்டார். தாலுகா ஆபீசில் அத்தனை வருஷம் கையெழுத்துப் போட்ட கையால் அந்த டப்பாவை மூடினேன், அக்கா. மூன்று பையில் சுற்றி, நம்ம சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு செல்வத்தோடு போனேன். பக்கத்துச் சீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, அல்வாவா?" என்றார். தலையாட்டி வைத்தேன். செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான்.

"நாலு மாசம் பாப்போம். தேறலைன்னா என்கூட வந்திரணும்," என்றான். பயறு வேகவைக்கவும் கீரை ஆயவும் போனிலேயே சொல்லித் தந்தான். முதல் வாரம் வயிறு உப்பியது. பையக் கூட்டச் சொன்னார் டாக்டர். தினமும் நாற்காலிப் பயிற்சி. இப்போது ஐந்து தடவையும் எழுந்துவிடுகிறேன். ஆற்றுப்பாலம் வரை நடந்து திரும்புகிறேன். கிருமி செய்ததா, பயறா, பயிற்சியா? "எல்லாம் சேந்துதான் ஐயா," என்கிறார் டாக்டர். செல்வம் ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

உன் கடைசி வருஷம் நினைவுக்கு வருகிறது. நீ படுத்தபிறகு உனக்குப் பிரட்டும் பாலும்தான் தந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாமோ? "அக்காவும் தேறியிருப்பாளா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியல ஐயா," என்றார். ஆறுதலுக்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு ஞானமுத்து வாத்தியாரை நினைவிருக்கிறதா? அவர் சம்சாரம் இறந்ததிலிருந்து டீயும் பிஸ்கட்டும்தான். கோயிலுக்குக்கூடப் போவதில்லை. நேற்றுச் சுண்டல் கொண்டுபோனேன். "எனக்கு எதுக்குவே இதெல்லாம்?" என்றார். ஆனால் பாதியைத் தின்றுவிட்டார்.

அவரை அந்த டாக்டரிடம் கூட்டிப்போக வியாழக்கிழமைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் திரும்ப மாட்டேன் அக்கா, இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
சங்கரன்