மாமியார் மௌனமாக இருந்த பன்னிரண்டு நாள்

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதம் என்றதுமே யாருக்கு என்னவோ என்று நினைத்திருப்பீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீங்கள் புகுந்து, கொஞ்சம் பொறு, நான் வந்துடறேன் என்பீர்கள். நானும் பொறுத்துவிடுவேன். அதனால்தான் சரக்குப் படகில் வரும் தபால். இது நடுக்கடலில் உங்கள் எண்ணெய்க் கிணற்று மேடைக்கு வந்து சேரும்போது திங்கட்கிழமை முடிந்திருக்கும். எப்போதோ எழுதியிருக்க வேண்டியது, தாமதம் என்னுடையது.

பட்டாணிக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. கையில் கிடைத்த வயரையெல்லாம் கடிக்கிறாள். ஃப்ரிட்ஜில் உங்கள் படத்தை ஒட்டி வைத்தேன் அல்லவா, இப்போது ஃப்ரிட்ஜைப் பார்த்தே "ப்பா" என்கிறாள். உங்கள் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என் வேலையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. இன்று கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் எழுதுவது லைப்ரரி. மருத்துவக் கருவி செய்கிறவர்கள் எடுத்துத் தங்கள் கருவிக்குள் வைத்துக்கொள்ளும் கோட். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். கம்பைலருக்குக் கம்பைலர் புத்தி வேறு. ஒரே வரியை ஒன்று ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளும், இன்னொன்று வேறு மாதிரி. எங்கே கொண்டுபோனாலும் ஒரே மாதிரி நடக்கும்படி எழுதுவதுதான் என் பிழைப்பே.

ஆபீஸில் ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு பழைய கணினி உண்டு. தினமும் எங்கள் கோட் முழுவதையும் இரண்டாவது கம்பைலரில், கருவிக்காரர்கள் வைத்திருக்கிற அதே வகையில், போட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் மூச்சு விடாது. குற்றம் இருந்தால் மட்டும் மெயில் அனுப்பும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். (உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள்.) மாமியார் வாயைத் திறக்கலைன்னா சந்தோஷப்படணும், ஏன்னு போய்க் கேக்கக்கூடாது என்பார் டீம் லீடர். எல்லோரும் சிரிப்போம்.

பட்டாணிக்கு மூன்றரை மாதத்தில் நான் வேலைக்குத் திரும்பினேன். பால் எடுக்க எனக்குக் கொடுத்த இடம் அந்த ஸ்டோர் ரூம். பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, சுவரில் ஒரே ஒரு பிளக். மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. மாமியாரின் வயரைப் பிடுங்கிவிட்டு என் பம்ப்பைச் சொருகினேன். முடித்ததும் திருப்பிச் சொருக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பன்னிரண்டு நாள் அது செத்துக் கிடந்தது. யாருக்கும் மெயில் வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பினோம்.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள்தான் ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் பகுதியை எழுதினேன். சென்சார் கழன்றிருந்தால் மைனஸ் ஒன்று என்று வரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும். அந்த மைனஸ் ஒன்றைப் போட்டு வைக்கக் கோடுக்குள் நான் எடுத்த இடம், பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கம்பைலரில் மைனஸைத் தாங்கும். கருவிக்காரர்களின் கம்பைலரில் தாங்காது. அங்கே அது இருநூற்று ஐம்பத்தைந்து ஆகிவிடும். நூற்றுக்கு மேல் எது வந்தாலும் நூறு என்று காட்டுவது திரையின் வழக்கம். சென்சார் கழன்றால் சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. பெட்டி எந்த வகை என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் போதும். முதல் வருஷம் படிக்கிற பெண்ணுக்கே தெரியும்.

இதுவரை மறதி. இனிமேல் சொல்வது மறதி இல்லை.

பதின்மூன்றாம் நாள் வயரைச் சொருகினேன். உடனே மாமியாரிடமிருந்து மெயில்: இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது. அதாவது, பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது, அலாரம் அடிக்கவே அடிக்காது. அதற்கு மூன்று நாள் முன்புதான் அந்த வெர்ஷன் வெளியே போயிருந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்து அடுத்த வெர்ஷனில் போட்டேன். என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில், "சிறு ஒழுங்குபடுத்தல்" என்று எழுதினேன். வந்த இரண்டாவது வாரமே பெயர் கெடுமே என்று பயந்தேன். சிறு ஒழுங்குபடுத்தலுக்காக யார் அவசரமாகக் கருவியை மாற்றுவார்கள்? அவர்கள் மாற்றவில்லை.

போன மாதம் ஒரு ஆம்புலன்ஸில் ஒருவர் இறந்துபோனார். தபால் பிரிக்கும் வேலை, நாற்பத்தொரு வயது. திரையில் நூறு, சிலிண்டர் காலி. கூட வந்த நர்ஸ் மேல் பழி. அந்தக் கருவிக்குள் இருந்தது எங்கள் கோட் என்பதால், முதல் விசாரணைக்கு டீம் லீடரோடு நானும் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலுகூட இருக்காது. நூறுன்னுதான் சார் இருந்துச்சு, ரெண்டு தடவை பாத்தேன் என்றாள். காலி சிலிண்டர் எப்படிம்மா நூறு காட்டும் என்று அதிகாரி கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எப்படிக் காட்டும் என்று தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இறந்தவரின் மனைவி எனக்கு முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் டீம் லீடரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கைக்குழந்தைக்காரி நீ, வாயை மூடிக்கிட்டு இரு, புது வெர்ஷனுக்கு மாறாதது அவங்க தப்பு என்றார். சரி என்று வீட்டுக்கு வந்தேன். பட்டாணிக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தாள். அதற்குப் பிறகு தூங்கிய நாள் குறைவு.

திங்கட்கிழமை இரண்டாம் விசாரணை. அந்த மெயிலையும் என் "சிறு ஒழுங்குபடுத்தலை"யும் அச்செடுத்து உறையில் வைத்திருக்கிறேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. வேலை போகும், அது நிச்சயம். அன்றே வீட்டுக்கு விடுவார்களா என்று நான் போய்க் கேட்ட வக்கீலாலும் சொல்ல முடியவில்லை. உங்கள் அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். போய்ச் சொல்லிட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கறேன் என்றார்கள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை.

ஃப்ரீசரில் நாற்பத்திரண்டு பை பால் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறேன். பழையதை முதலில் எடுக்க வேண்டும். எதுக்கு இவ்வளவு சேர்க்கிறே என்று போன வாரம் கேட்டீர்கள். சும்மாதான் என்றேன். அவளுக்குச் சூடு கொஞ்சம் அதிகமானாலும் குடிக்க மாட்டாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போது கையில் அவ்வளவாகச் சூடு தெரிவதில்லை. நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே மேடையில் அளவு காட்டும் கருவி எதுவானாலும், அது காட்டுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு தடவை கையால் தட்டிப் பாருங்கள். அதற்குக் கோட் எழுதினவளும் யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவாக இருப்பாள். நீங்கள் முழுசாக வந்து சேர வேண்டும்.

உங்கள்,
பட்டாணியின் அம்மா