ஊசி எரிச்சலுக்கு மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கால் எரிச்சல் எப்படி இருக்கிறது? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு. உனக்கு எச்.ஐ.வி. இருப்பது நம் இருவரோடு நிற்கட்டும் என்றாய். போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் அக்குபங்சர் அறைக்கு, அதே நோயோடு ஓர் அம்மா கால் எரிச்சலுக்காக வருவார். வாய் ஓயாது. போன வாரம், "எரிச்சலே இல்ல பாப்பா. இனிமே அந்த மாத்திரை எதுக்கு?" என்றார்.

"ஊசி எரிச்சலுக்குத்தாம்மா. கிருமியை அடக்குறது மாத்திரைதான்."

"போடி, பெரிய டாக்டரு! மாத்திரைய முழுங்கறப்பல்லாம் நோய் ஞாபகம் வருது. உன் ஊசியில நிம்மதியா தூங்கிடறேன்."

சிரித்தோம். மாத்திரையை விடக்கூடாது என்று மறுபடியும் சொல்லித்தான் அனுப்பினேன். இந்த வாரம் அவர் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார், நீ கவலைப்படாதே. ஆனால் அவர் வழக்கமாக வரும் நேரமானதும் என் கை தானாகப் படுக்கையை விரிக்கிறது. திரைக்குக் கீழே எந்தக் கால் தெரிந்தாலும் அவர்தான் என்று போகிறேன். அருகில் போனால் அது உன் கால் மாதிரி இருக்கிறது.

போன தடவை நான் ஊருக்கு வந்தபோது நீயும், "அதை நிறுத்திட்டா என்னடி?" என்று முணுமுணுத்தாய். அத்தை வந்ததும் மழையைப் பற்றிப் பேசினாய்.

நிறுத்தாதே அம்மா. ராத்திரி மாத்திரை போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடு. எடுக்க மாட்டேன், செலவும் இல்லை. அது அடித்த பிறகுதான் விளக்கை அணைப்பேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்