நூல் இழுக்காத சீஸ்

நவம்பர் 18, திங்கள்

இவருக்குத் தொண்டையில் மறுபடியும் வந்துவிட்டது. டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். போன வருஷம் ரேடியேஷன் கொடுத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. திரும்ப ரேடியேஷன் தாங்காது, ஆபரேஷனும் முடியாது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாக ஆகாரம் கொடுத்து, உடம்பில் தெம்பு ஏறினால், மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். சரக்கு "வரலாம்" என்று சொல்கிறவனுக்கு நான் ஒருநாளும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை. இன்றைக்கு மட்டும் என்ன ஆச்சு எனக்கு?

அலிப்பூர் தாண்டும்வரை டாக்ஸியில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "குழாய் வேண்டாம் வத்சலா" என்றார். இவர் குரல் பாதிதான் வருகிறது. அதுவும் எனக்கு மட்டும்தான் புரிகிறது.

நவம்பர் 20, புதன்

கடைக்குப் போனேன். கிடர்பூரில் லாரி நெரிசல். வெண்ணெய் லோடு தாமதம். கேட்டரிங்காரர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு இப்போதே சீஸ் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். இந்த வங்காள ஊருக்கு வந்த புதிதில் ஐஸ்பெட்டி ஒன்றைச் சமையலறையில் வைத்துக்கொண்டு தெரு பேக்கரிகளுக்கு வெண்ணெய் விற்ற நாளிலிருந்து பழகிய வாய். அது பாட்டுக்குப் பேசுகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

தயிர்சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது வாய்க்கே இருமல். கண் சிவந்து, தண்ணீர் கொட்டி... பக்கத்தில் போய் முதுகைத் தடவினால் கையைத் தள்ளிவிட்டார். தன் டம்ளரை எடுத்துப்போய்த் தானே கழுவி, தனி அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

அண்ணாந்து குடித்தே பழகிய மனிதர். இப்போது தொண்டை அதற்கு இடம் கொடுக்கவில்லை, வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். அதனால் அந்த டம்ளரும் ஸ்பூனும் எச்சில். வேறு யாரும் தொடக்கூடாது. கல்யாணமான புதுசில் மெரினாவில் நான் குடித்துவிட்டு நீட்டிய சோடாவை, "எச்சில்" என்று வாங்க மறுத்தவர் இவர். அன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம் இவரைவிட நான் அதில் கறாராகிவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

இன்று பேரம் நடந்தது.

வருஷா வருஷம் டிசம்பர் கடைசி ஞாயிறு இவருடைய துறைமுகத்து போர்ட் ஆபீஸ் சிநேகிதர்களும் பில்டிங்காரர்களும் நம் வீட்டுக்கு வருவார்கள். போன வருஷம் வைத்தியத்தில் நின்றுபோனது. இந்த வருஷம் கூப்பிட வேண்டும் என்கிறார்.

"எல்லாரோடயும் உக்காந்து வாயால சாப்பிடறேன். இருமாம சாப்பிட்டேன்னா குழாய்ப் பேச்சை நீ எடுக்கப்படாது. இருமினா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்."

உடனே சரி என்றேன். மூன்று வாய் தயிர்சாதம் இறங்காதவர் பத்துப் பேர் நடுவில் எங்கே சாப்பிடப் போகிறார்? ஜெயிக்கிற பேரம் என்று தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

டிசம்பர் 1, ஞாயிறு

தீப்தி பெங்களூரிலிருந்து பேசினாள். "அம்மா, பேக்டு டிப் பண்ணேன். சீஸ், பாலக் எல்லாம் போட்டு ஓவன்ல வெச்சு, சூடா நடுவுல வெச்சுடலாம். எல்லாரும் பிரெட்டைத் தொட்டுப்பா, அப்பா ஸ்பூனால சாப்பிடலாம். கூழ் மாதிரிதானே இருக்கும்? வித்தியாசமே தெரியாது."

ஊரில் பாதிப் பார்ட்டிக்கு இதற்கான சீஸ் என் கடையிலிருந்துதான் போகிறது. ஒரு தடவைகூட நான் பண்ணினதில்லை. இவரிடம் சொன்னேன். "பண்ணு" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனை நாளாச்சு அதைப் பார்த்து.

டிசம்பர் 4, புதன்

முதல் முயற்சி. மொஸரெல்லா போட்டேன். மேலே பொன்னிறமாக, பார்க்க அழகாக வந்தது. ஆனால் நூல் நூலாக இழுக்கிறது. அதைத்தான் எல்லோரும் விரும்பிக் கேட்பார்கள். இவர் தொண்டையில் அந்த நூல் மாட்டிக்கொண்டது. பாத்ரூமில் வெகுநேரம் இருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெறும் செடார். எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நின்றது. தூக்கிப் போட்டேன்.

டிசம்பர் 14, சனி

வந்துவிட்டது.

வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலை ஊற்றி ஒயிட் சாஸ். அதில் க்ரீம் சீஸ். அப்புறம் சாதாரண டின் சீஸ். உயர்ந்த சீஸெல்லாம் பிரியும், இழுக்கும். டின் சீஸ்தான் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உருகும். இத்தனை வருஷம் அதை விற்றும் மட்டமாகவே நினைத்திருந்தேன். பாலக்கை வேகவைத்து விழுதாக அரைத்தேன். மிளகு கிடையாது, பூண்டு வாசனைக்கு மட்டும். மேலே லேசாகச் சிவந்ததும் வெளியே எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டேன்.

இவர் ஒரு ஸ்பூன் எடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. இருமல் இல்லை. ஸ்பூனை வைத்துவிட்டு, "உப்பு தெரியறதுடி" என்றார். ரேடியேஷனுக்கு அப்புறம் இவருக்கு ருசி தெரிகிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

சந்தோஷத்தில் சமையலறைக்குள் ஓடினேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. என்ன காரியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்? எதிராளிக்கு நானே சரக்கு சப்ளை பண்ணுகிறேனே.

டிசம்பர் 21, சனி

தீப்தி வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

டிசம்பர் 28, சனி

நாளைக்கு வேண்டியதைத் துருவி வைத்தேன். ஃப்ரிட்ஜில் மொஸரெல்லா பாக்கெட் இருக்கிறது. கையில் எடுத்தேன்.

ஒரு பிடி போதும். வந்தவர்கள் நூல் இழுத்துச் சிரிப்பார்கள். இவர் இருமுவார். கையெழுத்துப் போடுவார். குழாய் வரும், மருந்து ஏறும். இவர் இருப்பார். எத்தனை நாளைக்கோ, இருப்பார். பேரத்தில் நான் இதைவிடப் பெரிய தில்லுமுல்லெல்லாம் பார்த்தவள்தானே?

"உப்பு தெரியறதுடி" என்று சொன்ன முகம்.

திரும்ப உள்ளே வைத்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

எல்லோரும் வந்தார்கள். சௌந்தரராஜன், அவர் பெண்டாட்டி, போர்ட் ஆட்கள் நாலைந்து பேர், எதிர் ஃப்ளாட் பெங்காலிப் பெண் மிதாலி பௌதியும் (பௌதி என்றால் நம் மன்னி) அவள் புருஷனும். இவர் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தை மறைக்க மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை நடுவில் வைத்தேன். சுற்றி டோஸ்ட், பிஸ்கட், காரட். இவருக்கென்று சின்னக் கிண்ணத்தில் தனியாக.

"என்ன மன்னி, சீஸ் வியாபாரி வீட்ல நூலே வரலையே!" என்றார் சௌந்தரராஜன்.

"நூல் வேணும்னா ஜவுளிக்கடைக்குப் போங்கோ. இங்க வாய்க்குத்தான் சரக்கு" என்றேன். சிரிப்பு. மிதாலி பௌதி, "ஃபாட்டாஃபாட்டி தீதி!", பிரமாதம் அக்கா, என்று மூன்று தடவை தொட்டுக்கொண்டாள். போன வருஷம் நின்றுபோன வீடு திரும்ப வந்த மாதிரி இருந்தது.

இவர் சின்னக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். ஸ்பூனைப் பெரிய பாத்திரத்தில் விட்டு எடுத்துச் சாப்பிட்டார். அதே ஸ்பூன் திரும்பப் பாத்திரத்துக்குள் போனது.

இவரா? எச்சில் என்றால் எழுந்து போகிற இவரா?

எல்லோர் கையும் நின்றுவிட்டது. சௌந்தரராஜன் வெறும் டோஸ்டை மென்றார். மிதாலி பௌதி விரல்களைத் துடைத்துக்கொண்டாள். நாம் எச்சில் என்பதைப் பெங்காலிகள் எண்ட்டோ என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எச்சிலுக்காக நின்றார்களா, வியாதிக்காகவா? தெரியவில்லை. தீப்தி டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

நான் தொட்டிருக்க வேண்டும். கையில் பிஸ்கட் இருந்தது. பாத்திரம் எதிரில்தான் இருந்தது. கை நகரலை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் — அதுக்குள்ள இவர் பாத்துட்டார்.

பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீ வரது, இருந்து குடிச்சுட்டுப் போங்கோங்கறார்" என்றேன்.

இவர் சொன்னது அதில்லை. "இனிமே இது எனக்கு மட்டும்தான், இல்லையா?" என்று கேட்டார்.

அப்புறமும் சாப்பிட்டார். நிதானமாக, எல்லோரும் பார்க்க. ஒரு தடவைகூட இருமவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

ஜெயித்துவிட்டார். பாத்திரத்தை இவரே கழுவித் தன் அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஜனவரி 2, வியாழன்

மிதாலி பௌதி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். உட்காரவில்லை. "தீதி, அன்னிக்கு தாதா என்ன சொன்னார்?" என்று கேட்டாள். தாதா என்றால் அண்ணா, இவரைத்தான் சொல்கிறாள். டீயைப் பற்றித்தான் என்றேன். நம்பாமல் போனாள்.

ஜனவரி 3, வெள்ளி

டாக்டரிடம் நான் மட்டும் போய், குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "பேசினது பேசினதுதான்" என்றேன். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு நர்ஸ் வருவாளாம். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. விலை கேட்காமல் நான் வாங்கிவந்தது இது ஒன்றுதான்.

ஜனவரி 5, ஞாயிறு

தீப்தி காலை விமானத்தில் போனாள். மாதக் கடைசியில் லீவு போட்டுவிட்டு வருகிறாளாம்.

மத்தியானம் கொஞ்சமாக டிப் பண்ணினேன். இவர் அலமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையே எடுத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாய் சாப்பிட்டு ஸ்பூனை வைக்கப் போனார். அதை வாங்கினேன். பாத்திரத்தில் விட்டு எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"எச்சில்டி."

"தெரியும்."

"போன ஞாயித்துக்கிழமை உன் கை வரலை."

"வரலைதான்னா. என்ன பண்ணச் சொல்றேள்? வரலை." அதற்குமேல் எழுத்தில் வராத மாதிரி அழுதுவிட்டேன். அன்றைக்கு ஏன் அப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டேன். "குழாய் வெச்சுண்டா இப்படித்தானே ஆகும்? எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எப்படி இருக்கும்னு பாத்தேன்" என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார். "இது கணக்குல சேராது" என்றார்.

எனக்கு ஸ்பூனை நீட்டினார். அவரே.

பேசி முடித்தது: குழாய் கிடையாது. வலி மருந்துக்கு இவர் அடம் பிடிக்கக்கூடாது. அழுதால் இவர் எதிரிலேயே அழ வேண்டும், சமையலறைக்கு ஓடக்கூடாது — இது இவர் போட்டது. ஞாயிற்றுக்கிழமை டிப், ஒரே பாத்திரம், ஒரே ஸ்பூன். முதல் வாய் இவருக்கு, அடுத்தது எனக்கு. இவருக்கு இறங்குகிறவரை.