இராசமலர் உப்பை விட்டாள்

சந்நிதியான் துணை

தொண்டைமானாறு,
25.9.78

அன்புள்ள மருமகன் பரமலிங்கத்துக்கு,

கதிரவேலு மாமா எழுதுவது. கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதோ தெரியாது. கொம்பனி விலாசத்துக்கே போடுகிறேன். நீர் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே சுகம் கொஞ்சம் குறைவு.

உம்முடைய மனைவி இராசமலர் ஆஸ்பத்திரியில் கிடந்து முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தாள். கை நடுக்கம், சாப்பிட்டதெல்லாம் சத்தி, நடந்தால் சுவரில் மோதுகிற தள்ளாட்டம். வாயும் குழறியது. பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்றது ஊர். இல்லையென்று முதலில் சொன்னவன் நான்தான். பழையது எனக்குத் தெரியாதா? நித்திரையில்லாமல் பாடிக்கொண்டு, கூறைச் சேலையைத் தெருவில் போனவளுக்குக் கொடுத்தது ஒரு காலம். மாதக்கணக்காய்ச் சுவரைப் பார்த்துக் கிடந்தது ஒரு காலம். இரண்டையும் லிதியம் குளிசைதான் இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது.

டாக்குத்தர் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார். அந்தக் குளிசையே இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி நஞ்சாகி நின்றது. கூடப் போட்டாளோ என்று கேட்டார். இல்லை. அவர் யோசித்துக்கொண்டு நிற்க, பிள்ளை உப்பை விட்டுவிட்டாள் என்று நான் சொன்னேன். கொண்டுபோன கஞ்சிக்கும் உப்பு வேண்டாம் என்றதில் பிடித்தேன். டாக்குத்தர் கதிரையை விட்டு எழும்பி என் கையைப் பிடித்து, லண்டனில் படித்தனீங்களோ என்று கேட்டார். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் அந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைக்குமாம். எத்தனையோ பேர் பிடிக்கிற விரதம், இவளுக்கு மட்டும் ஆகாது.

ஏன் விட்டாள் என்று கேட்பீர். ஆனி மாதத்துக்குப் பிறகு உம்முடைய கடிதம் இல்லை. கப்பலுக்கு என்னவோ என்று பயந்து, நீர் கரை சேரும்வரை உப்புத் தொடேன் என்று சந்நிதியில் நேர்ந்துவிட்டாள்.

அந்த நேர்த்தியை நான் என் தலையில் எடுத்து, உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். பூசாரியாரே அதிசயப்படுகிறார். அவள் ஏற்கவில்லை. நீர் எனக்குக் கிழமைக்கொரு கடிதம் போடுகிறீர், கப்பித்தான் உம்மைக் கேட்காமல் நங்கூரம் போடுவதில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடிதத்தைக் காட்டச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவர் தன்ரை கையாலை எழுதட்டும் மாமா, உப்புப் போடுறன்."

இப்போது டாக்குத்தர் குளிசையை நிறுத்தி வைத்திருக்கிறார். வழமைபோல உப்புச் சேர்த்துச் சாப்பிட்டால்தான் திரும்பத் தருவாராம். தராவிட்டால் பழையது வரும். நேற்று விடியமுன் எழும்பி முற்றம் கூட்டினாள். கூட்டி முடித்துவிட்டு முதலிலிருந்து திரும்பவும் கூட்டினாள்.

தம்பி, எங்கள் ஊர் நடராசாவின் மகன் போன மாதம் உம்மைப் பம்பாயில் கண்டானாம். கரையில், நல்ல சுகமாக, சிநேகிதர்களோடு நின்றீராம். இதைச் சொன்னால் அவள் இன்றைக்கே உப்புப் போடுவாள். எவ்வளவோ கதைக்கிற எனக்கு இது மட்டும் வாயில் வரவில்லை. நானும் களைத்துப்போனேன்.

இரண்டு வரி போதும். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேளாதேயும். உறையில் என் பெயர் வேண்டாம், அவளுடைய பெயரை எழுதும். தபால்காரன் வாசல் படலையடியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

முருகன் உமக்கு நல்ல காற்றையும் நல்ல மனதையும் தரட்டும்.

இப்படிக்கு,
உம்மை மறவாத மாமா,
க. கதிரவேலு